வைக்கோலிலிருந்து லாக்டிக் அமிலம்: நொதியைத் தொட்டிக்கேற்பப் பழக்கும் முறை

சம்பா அறுவடை முடிந்த பின் தஞ்சை, திருவாரூர் வயல்களில் கிடக்கும் வைக்கோலைச் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியாவைக் கொண்டு லாக்டிக் அமிலமாக மாற்றினால், மட்கும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் கிடைக்கும். இந்த வழியில் இடறும் இடம் பெரும்பாலும் கடைசிப் படிதான். செல்லுலேஸ் நொதிகள் செல்லுலோஸைச் செல்லோபயோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை வரை கொண்டுவந்து விடுகின்றன. அதைக் குளுக்கோஸாகப் பிரிக்க வேண்டிய பீட்டா-குளுகோசிடேஸ் தளர்ந்தால், செல்லோபயோஸ் தேங்கிச் செல்லுலேஸையும் முடக்கிவிடும். ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் ஒரே ஒரு நொதியைச் செம்மைப்படுத்த நேரம் இருந்தால், இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நொதியைச் செம்மைப்படுத்துவது என்றால், அதன் மரபணுவை மாற்றி, விளையும் நொதிகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது. மரபணுவைத் தொடும் முன், நொதி உழைக்கப்போகும் தொட்டியின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பேசில்லஸ் கோயாகுலன்ஸ் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா. அந்த வெப்பம் செல்லுலேஸுக்கும் ஒத்துப்போவதால், உடைத்தலையும் நொதித்தலையும் ஒரே தொட்டியில் நடத்தலாம். அப்படியானால் நம் நொதி 50 டிகிரியில், பிஎச் 6-ஐ ஒட்டி, நாளுக்கு நாள் கூடும் லாக்டேட் உப்பின் நடுவே மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

மூல நொதியைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மழையில் நனைந்து உள்ளே சூடேறிய வைக்கோல்போரின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, எஸ்குலினும் (நொதி வெட்டியதும் இரும்போடு சேர்ந்து கருக்கும் பொருள்) இரும்பு உப்பும் கலந்த அகார் தட்டில் பரப்பி 50 டிகிரியில் வையுங்கள். இந்தச் சூட்டில் அகார் ஒரே இரவில் காய்ந்து சுருங்கிவிடும் என்பதால், ஈரப் பஞ்சுடன் பாலிதீன் பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். மறுநாள், நொதி சுரக்கும் காலனியைச் சுற்றி கருப்பு வளையம் படர்ந்திருக்கும்.

அந்தக் காலனியிலுள்ள நொதியின் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி, ஈ. கோலை பாக்டீரியாவில் வெளிப்படுத்துவது இன்று வழக்கமான வேலை. நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். அதன்பின் மாங்கனீசு சேர்த்த பிழைமிகு பிசிஆர் (மரபணுவை வேண்டுமென்றே பிழைகளோடு நகலெடுக்கும் முறை) மூலம், மரபணு ஒன்றுக்கு இரண்டு மூன்று மாற்றங்கள் விழும்படி திரிபுகளை உண்டாக்குங்கள். அதற்கு மேல் போனால் பெரும்பாலான நொதிகள் செயலிழந்துவிடும்.

முழுக் கவனமும் தேவைப்படுவது தேர்வில்தான். 1993-இல் அமெரிக்க விஞ்ஞானி பிரான்சிஸ் அர்னால்டின் குழு, புரதத்தை உடைக்கும் சப்டிலிசின் நொதியை டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானிலேயே சோதித்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, 60 சதவீதக் கரைப்பானில் 256 மடங்கு திறனுடையதாக ஆக்கியது. இத்தகைய பணிக்காக அவருக்கு 2018-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நாமும் தொட்டியின் நிலையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 96 குழித் தட்டில் செல்களை உடைத்த சாற்றை முதலில் 55 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பின் லாக்டேட் கலந்த பிஎச் 6 தாங்கல் கரைசலில் பிஎன்பிஜி என்னும் சோதனைப் பொருளைச் சேருங்கள். நிறமற்ற பிஎன்பிஜியை நொதி வெட்டியதும், சோடியம் கார்பனேட் விட்ட குழி மஞ்சளாகும். ஒவ்வொரு தட்டிலும் நான்கு குழிகளில் மூல நொதியும், இரண்டில் வெற்றுப் பிளாஸ்மிட்டும் இருந்தால்தான் மஞ்சளின் அடர்த்தியை நம்ப முடியும்.

மஞ்சளோடு நிறுத்திவிடாதீர்கள். பிஎன்பிஜி என்பது செல்லோபயோஸ் அல்ல. முதல் முறை நான் மிக அடர்ந்த மஞ்சள் தந்த திரிபை மட்டும் நம்பி இரண்டு மாதம் உழைத்தேன்; செல்லோபயோஸில் அது மூல நொதியை விட மந்தமாகவே இருந்தது. எனவே முன்னணியில் நிற்கும் இருபது திரிபுகளை உடனே செல்லோபயோஸில் சோதித்து, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையில் அளவிடுங்கள். சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டிஎன்எஸ் முறை செல்லோபயோஸையும் சேர்த்தே காட்டும் என்பதால் இங்கே உதவாது.

இறுதிச் சோதனை வைக்கோலில் நடக்க வேண்டும். நறுக்கிய 100 கிராம் வைக்கோலை ஒரு லிட்டர் 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, 121 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்தால், செல்லுலோஸை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினில் பெரும்பங்கும், நெல்லுக்கே உரிய சிலிக்காவும் கரைந்து வெளியேறும். கழுவிய கூழில் செல்லுலேஸையும் உங்கள் நொதியையும் பாக்டீரியாவையும் சேர்த்து, அமிலத்தை ஈடுசெய்யக் கால்சியம் கார்பனேட் இட்டு, 72 மணி நேரம் வரை ஆறு மணிக்கொருமுறை செல்லோபயோஸையும் லாக்டேட்டையும் அளந்துவாருங்கள். வடித்த கருங்கழிவு நீரை அமிலமிட்டு நடுநிலையாக்கி ஆய்வகக் கழிவாகவே ஒப்படையுங்கள். அதில் ஒரு வாளிகூட வாய்க்காலுக்குப் போகக் கூடாது.