விவாகரத்தும் குடும்ப ஓய்வூதியமும்: பெண்கள் எங்கே தவறுகிறார்கள்?

முத்திரைத்தாளில், பெரியவர்கள் முன்னிலையில், ‘இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பிரிந்த பெண்கள் சென்னையில் இன்றும் இருக்கிறார்கள். அரசு ஊழியரான கணவர் இறந்ததும், ‘நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே’ என்று ஓய்வூதியம் கேட்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள். என் மனத்தை மிகவும் வருத்தும் தவறு இதுதான். அந்தச் சமூகத்தில் வழிவழியாக வந்த மணவிலக்கு முறை என்று நிரூபித்தாலொழிய, அந்தத் தாள் இந்துத் திருமணத்தை முறிக்காது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லையென்றால் அவர்தான் இன்னும் மனைவி. கணவர் இடையில் வேறொருவரை மணந்திருந்தாலும் அந்த மணம் செல்லாது. எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அதனால்தான் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது ஆபத்து. வாங்க மறுத்தாலும் சேர்ப்பித்ததாகவே கொள்வார்கள். உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்பநல நீதிமன்றத்தில் நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கோருவதற்கு 30 நாள்தான் கெடு.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஜீவனாம்சத் தொகை பேசும்போது, கைவிட்டுப்போகும் இந்த ஓய்வூதியத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மத்திய அரசு விதிப்படி சாதாரண வீதம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 60,000 என்றால் மாதம் 18,000 ரூபாய், அகவிலைப்படி தனி. கையெழுத்திடும் முன் இதை வழக்கறிஞரிடம் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

தாய்க்கு இல்லை என்பதால் பிள்ளைக்கும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தந்தை மறுமணம் செய்திருந்தாலும், விவாகரத்தான தாய்க்கு வந்திருக்க வேண்டிய பங்கு தகுதியுள்ள பிள்ளைக்குச் சேரும். வாரிசுச் சான்றிதழில் அந்தப் பெயர் விடுபட விடக்கூடாது.

விவாகரத்தாகிப் பெற்றோரை அண்டி வாழும் மகளுக்கும் மத்திய அரசு விதியில் இடம் உண்டு. 25 வயதைத் தாண்டினாலும் உண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கும்போதே விவாகரத்து மனு தாக்கலாகியிருக்க வேண்டும். தீர்ப்பு பிறகு வரலாம். ‘அப்பா காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் வீடுகளில் இந்த உரிமை சத்தமில்லாமல் பறிபோகிறது. மாநில அரசு ஊழியர் குடும்பங்களுக்கு விதிகள் தனி. அவற்றைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.