சப்வூபர் கொழுவும்போது அம்ப்பை எரிக்கும் பிழைகள்

காருக்கும் வானுக்கும் சப்வூபர், அதாவது அடித்தொனி ஸ்பீக்கர் (சுருக்கமாக சப்) பூட்டப் பழகும் பெடியன்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பேர். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் வரிசை தவறாமல் விடுகிறார்கள். பிளஸ்ஸும் மைனஸும் முட்டக் கூடாது, வயர் நுனி தளர்வாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். சாமான் நல்லது, வேலையும் சுத்தம், அப்படியிருந்தும் சப்பை ஓட்டும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) எரிந்து வருகிறதே, அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அடிக்கணக்கு சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்ததுதான். தொடராக, அதாவது சீரிஸில் கொழுவினால் ஓம், அதாவது தடை, கூட்டுப்படும். சமாந்தரமாக, பரலலில் கொழுவினால் குறையும். ஒரே அளவான இரண்டு என்றால் சரிபாதி. இரண்டு 4 ஓம் சப் சீரிஸில் 8 ஓம், பரலலில் 2 ஓம். ஓம் குறையக் குறைய அம்ப் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். சத்தம் கூடுவதும் அதனால்தான், அம்ப் சூடாவதும் அதனால்தான்.

## பிரிட்ஜில் 2 ஓம்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்தப் பிழையில்தான். இதை நீளமாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு சனல், அதாவது தனித்தனியே ஓட்டும் இரண்டு வெளியீடு உள்ள அம்ப் ஒன்றில் இப்படி மூன்று வரி இருக்கிறது என்று வையுங்கள். 4 ஓமில் 75 வாட்ஸ் × 2. 2 ஓமில் 100 வாட்ஸ் × 2. பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால், 4 ஓமில் 200 வாட்ஸ் × 1. பெடியன் இரண்டாவது வரியை வாசித்ததும் ‘இந்த அம்ப் 2 ஓம் தாங்கும்’ என்று முடிவெடுத்துவிடுகிறான். இரண்டு 4 ஓம் சப்பையும் பரலலில் சேர்த்து 2 ஓம் ஆக்கி, அந்த வயர்களைக் கொண்டுபோய் பிரிட்ஜ் முனைகளில் பூட்டுகிறான். மூன்றாவது வரியில் 2 என்ற எண்ணே இல்லை என்பது அவன் கண்ணில் படுவதில்லை.

ஏன் இல்லை? பிரிட்ஜில் சப் இரண்டு சனல்களுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு சனல் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கும் வாளைப் போல. அதனால் சப்புக்குக் கிடைக்கும் வோல்ற் இரட்டிப்பாகிறது. ஒரு சனல் 15 வோல்ற் கொடுக்கிறது என்றால், 4 ஓம் சப் ஒன்றைத் தனியே ஓட்டும்போது அது 3.75 அம்பியர் கொடுத்தால் காணும். பிரிட்ஜில் அதே சப்புக்கு 30 வோல்ற் போகிறது, ஆகவே 7.5 அம்பியர். அந்த 7.5 அம்பியரும் இரண்டு சனல்களுக்குள்ளாலும் போகிறது. 15 வோல்ற் கொடுக்கும் சனலில் 7.5 அம்பியர் ஓடினால், அந்தச் சனலுக்கு அது 2 ஓம் சுமை. பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சனலும் சப்பின் ஓமில் பாதியைத்தான் காணும் என்பது இதுதான். ஆக, 4 ஓமை பிரிட்ஜ் செய்தபோதே அந்த அம்ப் தன் எல்லைக்கு வந்துவிட்டது. அதிலே 2 ஓமைக் கொழுவினால் சனல் காண்பது 1 ஓம்.

இதில் உள்ள பெரிய ஏமாற்று, கொழுவியவுடன் ஒன்றும் நடப்பதில்லை. மெல்லிய சத்தத்தில் பாட்டு அருமையாகப் போகும், முன்பை விட அடிக்கவும் செய்யும். பூட்டினவனுக்கும் சந்தோசம், வாகனக்காரருக்கும் சந்தோசம்.

கலியாண ஹயருக்கு ஓடும் வான் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. பூட்டியது சுன்னாகத்துப் பெடியன் ஒருவன், கைவேலை சுத்தமான பிள்ளை. கிளிநொச்சிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏ9 பாதையில் மத்தியான வெயிலில் போகிறார்கள், அம்ப் பின் சீற்றுக்குக் கீழே. கொடிகாமம் கழிய சத்தம் நின்றது, அம்ப்பில் சிவப்பு லைட். கொஞ்ச நேரம் ஆறவிட்டார்கள், திரும்பப் பாடியது. பளை வருமுன் திரும்ப நின்றது. அந்த நேரமே வயரைக் கழற்றியிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். அடுத்த கிழமை பெடியன் அம்ப்புக்குப் பக்கத்தில் சின்ன விசிறி ஒன்றைப் பூட்டினான். அதற்குப் பிறகு பியூஸ் போனது, பெரிய பியூஸ் போட்டான். மூன்றாவது தடவை அம்ப் பேசாமல் நிற்கவில்லை. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால், பாட்டுக்குப் பதிலாக நேரோட்டம் சப்பின் கொயிலுக்குள், அதாவது உள்ளே இருக்கும் செப்புச் சுருளுக்குள் பாயும், பல மலிவான அம்ப்களில் அதைத் தடுக்க ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. இரண்டு சப்பும் அதிலே போய்விட்டன.

என்னிடம் கொண்டுவந்தபோது அம்ப்பின் மூடியைக் கழற்றினேன். ட்ரான்சிஸ்டர் வரிசையைச் சுற்றிப் போர்ட் மண்ணிறமாகியிருந்தது, ஈயம் இளகி மணியாக நின்றது. சப்பின் கோனை, அதாவது முன்னால் அசையும் கூம்பை, இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே தள்ளினால் கரகரவென்று உரசியது. கொயில் பொங்கிவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. எரிந்த வார்னிஷ் மணம் கடை முழுக்க நின்றது.

“அண்ணை, அதிலையே ரெண்டு ஓம் எண்டு போட்டிருக்குத்தானே?”

“கடைசி வரியை வாசி தம்பி.”

வாசித்தான். அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. ஒரு அம்ப், இரண்டு சப், வானின் இரண்டு ஹயர் எல்லாம் ஒரே வரியில் போயின. அதைவிட எனக்குக் கோபம், அந்த அம்ப்பையும் சப்பையும் ஒன்றாக விற்றவர்கள் ஒரு வார்த்தை கேட்காததில்.

சரி, அதே சாமானை வைத்து என்ன செய்திருக்கலாம்? இரண்டு சப்பையும் சீரிஸில் சேர்த்து 8 ஓம் ஆக்கி பிரிட்ஜில் போட்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு சனலும் காண்பது 4 ஓம், முதல் வரியின்படி 75 இரண்டு தடவை, மொத்தம் 150 வாட்ஸ். அல்லது பிரிட்ஜே வேண்டாம், ஒரு சனலுக்கு ஒரு சப், அதுவும் 150 வாட்ஸ்தான். 200 எங்கே, 150 எங்கே என்று கேட்பார்கள். அந்த வித்தியாசம் ஒன்றேகால் டெசிபெல். ஓடும் வானில் யார் காதுக்கும் அது பிடிபடாது. அந்த 50 வாட்ஸையும் விட மனமில்லை என்றால், வாங்கும்போதே ஒவ்வொன்றிலும் 4 ஓம் கொயில் இரண்டு உள்ள டுவல் கொயில் சப்பாக இரண்டு எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சப்பின் கொயில்களையும் சீரிஸில் சேர்த்தால் 8, அந்த இரண்டு 8-ஐயும் பரலலில் சேர்த்தால் 4. ஒரே ஒரு சப் போதும் என்றால் 2 ஓம் டுவல் கொயில் எடுத்து, கொயில்களை சீரிஸில் சேருங்கள், அதுவும் 4.

அம்ப்பை முதலில் தெரிவுசெய்யுங்கள், சப்பின் ஓமைப் பிறகு. கடைக்குப் போகும்போது அம்ப்பின் அந்த மூன்று வரியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

## மோனோ அம்ப்பில் இரண்டு சோடி முனை

மோனோ, அதாவது ஒரே சனல் உள்ள அம்ப் பலவற்றில் சப்புக்கு இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் இருக்கும். அவை இரண்டு சனல் அல்ல. உள்ளே இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன, வயர் பூட்ட வசதிக்காக மட்டும் வெளியே இரண்டாக வருகின்றன. 2 ஓம் சப் ஒன்றை ஒரு சோடியிலும் இன்னொன்றை மற்றச் சோடியிலும் பூட்டினால் அது பரலல், அம்ப் காண்பது 1 ஓம். 1 ஓம் தாங்கும் அம்ப் என்றால் பரவாயில்லை, இல்லையென்றால் மேலே சொன்ன வானின் கதைதான்.

## ஒரு கொயிலைத் திருப்பிக் கொழுவுவது

டுவல் கொயில் சப்பில் ஒரு கொயிலின் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் இரண்டு கொயிலும் ஒன்றையொன்று எதிர்க்கும். கோன் அசையாது, ஆனால் மின்னோட்டம் முழுதும் சூடாக மாறும். பெடியன் சத்தம் காணாது என்று கெயினைக் கூட்டுவான், கொயில் கருகும். பெட்டிக்குள் வைத்து ஸ்குரூ முறுக்க முன்பு 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை எடுத்து, பிளஸ்ஸில் பிளஸ் வைத்து ஒவ்வொரு கொயிலையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் கோன் வெளியே வர வேண்டும்.

## வேறு வேறு சப்பைக் கலப்பது

வேண்டாம். 4 ஓமையும் 8 ஓமையும் பரலலில் போட்டால் 4 ஓம் சப்புக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் போகும், சீரிஸில் போட்டால் 8 ஓமுக்கு.

## பியூஸ் போனால் பெரிய பியூஸ்

ஒருநாளும் இல்லை.

## ஒரு கொயிலை சும்மா விடுவது

செய்யலாம், ஆனால் சப் தாங்கும் வாட்ஸ் பாதியாகும். சும்மா விட்ட கொயிலின் இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள்.

## அளக்காமல் அம்ப்பில் பூட்டுவது

எல்லா இணைப்பும் முடிந்த பிறகு, அம்ப்புக்குப் போக வேண்டிய கடைசி இரண்டு வயர் நுனிகளிலும் ஓம் அளக்கும் மீற்றரை வையுங்கள். அம்ப்பில் பூட்டிக்கொண்டு அளக்காதீர்கள். மீற்றர் காட்டுவது கொயிலின் செப்புத் தடையை மட்டும். ஆகவே 4 ஓம் சப் ஏறத்தாழ மூன்றேகாலில் இருந்து மூன்றேமுக்கால் வரை காட்டும். அதைப் பார்த்துச் சாமான் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், பழுதில்லை. முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், 1 ஓம், 2 ஓம் அளக்கும்போது அந்தச் சின்ன எண்ணும் பெரிதுதான். 4 வர வேண்டிய இடத்தில் ஒன்றரை காட்டினால், எங்கோ சீரிஸ் பரலல் ஆகிவிட்டது.

கணக்கும் மீற்றரும் ஒத்துவந்த பிறகு, வாடிக்கையாளர் வழமையாகக் கேட்கும் சத்தத்தில் ஆனையிறவு வரை ஒருக்கால் ஓடிவிட்டு வாருங்கள். சிவப்பு லைட் ஒரு தடவையேனும் எரிந்தால், வாகனத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அந்த இரண்டு வயரையும் கழற்றித் திரும்ப அளந்து பாருங்கள்.