திருமயம் கோட்டைக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

லீவு விட்டால் போதும், தொண்டி, தேவிபட்டினம் பக்கமிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்துக்கு வேன் கிளம்பிவிடும். ஆள் சேர்த்துக் கூட்டிப்போவது என் வேலை. புதிதாக வருபவர்கள், எங்கள் தெருவே ஆரம்பத்தில் செய்த அதே கூத்தைத்தான் திரும்பச் செய்கிறார்கள். தண்ணீர், தொப்பி எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். அதை விடுங்கள்.

கோட்டையில் முதலில் ஏறுவது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். திருவாடானையில் டீ, தேவகோட்டையில் டிபன், காரைக்குடியில் யாருக்காவது சேலை பார்க்க வேண்டும். போய் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் நேரே கோட்டைக்கு ஓடும். உச்சியில் பீரங்கியோடு படம் எடுத்து இறங்கினால் கோயில் நடை சாத்தியாச்சு. இனி மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். வேன்காரர் வெயிட்டிங் கணக்கை ஆரம்பித்துவிடுவார்.

குன்றின் அடியில் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடைந்த கோயில்கள்: பள்ளிகொண்ட பெருமாள் ஒன்றில், சத்தியகிரீசுவரர் இன்னொன்றில். இரண்டு கோயிலுக்கும் இருந்த வழக்கைத் தீர்த்துவைத்த 1245ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கேதான். கோட்டை வந்ததோ அதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் கழித்து! ஒரு தடவை, திவ்ய தேசம் என்று துளசி மாலையை மடியில் கட்டிக்கொண்டு வந்த அப்பத்தா, பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, "ஒங்க பீரங்கிய நான் கேட்டேனாய்யா?" என்று ஊர் வந்து சேரும்வரை திட்டித் தீர்த்தது. நியாயம்தானே? அதிலிருந்து விடியுமுன் வண்டி எடுப்பேன். முதலில் கோயில், அப்புறம் கோட்டை. டிபன் பொட்டலம் வேனில்.

செருப்பை வேனிலேயே விடுவது

கோயிலுக்குக் கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் கோட்டை ஏறுவார்கள். மே மாதப் பாறையில் பிள்ளைகள் மதில் நிழலைத் தேடித் தேடித் தாவும். பெரியவர்கள் கர்ச்சீப்பை விரித்து அதன்மேல் நிற்பார்கள். செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

பாதி வழியில் நிற்காதது

பாறைச் சரிவில் குடைந்த சின்ன அறைக்குள் ஒரு லிங்கம் உண்டு. இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். உச்சி அவசரத்தில் பாதிப்பேர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

ஓரத்தில் நின்று செல்ஃபி

வேண்டாம்.

"புதுக்கோட்டை ராஜா கட்டினது"

இல்லை. 1687ல் கட்டியவர் நம்ம ராமநாதபுரம் சேதுபதி. ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது நாலுதான். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பேரைச் சேர்த்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். வழி கேட்டால் அந்தப் பேரையும் சொல்லிப்பாருங்கள்.