பெஸ்ஸெக்கன் ஏறப் போகிறீர்களா? தவறு முகட்டில் இல்லை, படகுத்துறையில்

நார்வேயின் யோத்துன்ஹைமன் தேசியப் பூங்காவில் இருக்கும் பெஸ்ஸெக்கன் முகட்டின் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தலை சுற்றாதா?" ஒரு பக்கம் கீழே பச்சையாக யெண்டே ஏரி, மறுபக்கம் அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் நீலமாக பெஸ்வாட்னெட் ஏரி, நடுவே ஒடுங்கிய பாறை. பயம் வருவது நியாயம்தான். ஆனால் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே.

யெண்டே ஏரிக்கரையில் இருக்கும் யெண்டெஸ்ஹைமில் காலைப் படகு ஏறி, அதே ஏரிக்கரையில் இருக்கும் மெமுருபுவில் இறங்கி, முகடு வழியாக நடந்தே திரும்புவதுதான் வழக்கம். சிலர் இதைத் தலைகீழாக்குகிறார்கள்: "முதலில் நடந்துவிடலாம், அப்புறம் படகில் சாய்ந்துகொண்டு வரலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் போனால், கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய பாறையில் இறங்க வேண்டியிருக்கும். ஏறும்போது அடுத்த பிடி முகத்துக்கு நேரே இருக்கும். இறங்கும்போது காலால் துழாவ வேண்டும். போதாக்குறைக்குக் கடைசிப் படகைப் பிடிக்கும் பதற்றம் வேறு. கோடையில் படகுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

"14 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரம்" என்பது அடுத்த தப்புக் கணக்கு. மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டும். 6 முதல் 8 மணி நேரம் ஆகும். மெமுருபுவில் இறங்கியதுமே செங்குத்து ஏற்றம். உற்சாகத்தில் அங்கேயே வேகம் காட்டுபவர்கள் முகட்டுக்கு வலுவில்லாத காலோடு வந்து சேருகிறார்கள். 1,743 மீட்டர் உயர வெஸ்ல்ஃபியெல்லெட் உச்சியோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அதன்பின் வரும் நீண்ட கல் இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி மேட்டுக்காற்றில் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும். கோடையிலும் மேலே பனி விழக்கூடும்.

சரி, எங்கே திரும்புவது? இரண்டு ஏரிகளுக்கும் இடையே பாண்டெட் என்ற தாழ்வான இணைப்பு இருக்கிறது. முகடு அங்கிருந்துதான் எழுகிறது. பாறை ஈரமாக இருந்தாலோ, காற்று ஆளைத் தள்ளினாலோ அங்கேயே நின்று யோசியுங்கள். திரும்புவதில் வெட்கமில்லை என்று நார்வேக்காரர்களின் மலை விதிகளே சொல்கின்றன. அதனால் திரும்பி வரும் எண்ணமே இல்லாவிட்டாலும், மெமுருபுவின் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.