ஒன்பது பேர் வேலை செய்யும் கடைக்கு மருத்துவக் காப்புறுதி தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் தேக்காவுக்கு அருகில் நான் நடத்தும் உணவகத்தில் ஆறு உள்ளூர்க்காரர்களும், வேலை அனுமதிச் சீட்டில் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் மூன்று சமையல்காரர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கான காப்புறுதி நிறுவனத்தை நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை சந்தாவை (பிரீமியம்) பார்த்து மாற்றினேன். இரண்டாம் முறை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு மாற்றினேன்.

முதல் படி: பெயர்ப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 60,000 வெள்ளி. ஆனால் அந்த வரம்புக்குள் வரும் செலவு முழுவதையும் காப்புறுதி நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் 15,000 வெள்ளியை நிறுவனம் முழுமையாகக் கொடுக்கும். அதற்கு மேற்பட்ட தொகையில் கால் பங்கு முதலாளியைச் சேர்ந்தது. மருத்துவமனைக் கட்டணம் 40,000 வெள்ளியாக இருந்தால், மீதமுள்ள 25,000 வெள்ளியில் 6,250 வெள்ளி உங்கள் கணக்கிலிருந்து போகும். சந்தாவை ஒப்பிடும்போதே இத்தகைய தொகைக்கும் கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்க அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. முன்பே இருந்த நோய்களையும் அது விலக்குவதில்லை. ஆகவே உள்ளூர் ஊழியர்களுக்கு நாம் எடுக்கும் குழுக் காப்புறுதி அதற்கு மேல் ஒரு துணை மட்டுமே. தனியார் மருத்துவமனையை உள்ளடக்கிய திட்டத்தை முகவர்கள் முதலில் நீட்டுவார்கள். சிறிய கடைக்கு அரசாங்க மருத்துவமனையின் பி1 வகுப்பே (நான்கு படுக்கை அறை) போதும் என்பது என் கருத்து. வேலையிடக் காயங்களுக்கான காப்புறுதி தனிச் சட்டத்தின் கீழ் வருவது. சமையல்காரர்களைப் போல உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அது கட்டாயம் என்பதால், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் வாங்குங்கள்.

ஒரே நிறுவனத்தின் முகவரைவிடப் பல நிறுவனங்களிடமும் கேட்டு வரக்கூடிய தரகரையே நான் விரும்புகிறேன். வண்ணக் கையேடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரு எக்செல் தாளில் சந்தா, அறை வகுப்பு, ஆண்டு வரம்பு, விலக்குகள், காத்திருப்புக் காலம் என்று நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டம் நிரம்பவில்லையோ அதுவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாம் படி: முன்பே இருந்த நோய்களுக்கான பிரிவை வரிவரியாகப் படியுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பில் சந்தா ஏறியதும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டு வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். நான்கு மாதம் கழித்து எங்கள் காசாளர் அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் அவர் அதற்காகப் பார்த்திருந்ததால், காப்புறுதி தொடங்கி 12 மாதம் ஆகும்வரை அந்த நோய்க்குப் பணம் கிடையாது என்று புதிய நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தது. பழைய நிறுவனத்தில் அந்த 12 மாதத்தை அவர் எப்போதோ கடந்திருந்தார். நான் மாறியதால் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. மெடிஷீல்டு லைஃபும் அவருடைய மெடிசேவ் கணக்கும் (மருத்துவத்துக்கான கட்டாயச் சேமிப்பு) பெரும்பகுதியைத் தாங்கின. எஞ்சியதை நான் கட்டினேன். மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைவிட அது அதிகம்.

ஆகவே, நிறுவனம் மாறுவதாக இருந்தால், முந்தைய காப்புறுதியில் கழிந்த காலத்தைத் தொடர்ச்சியாக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். தரகர்கள் இதை டேக்ஓவர் என்பார்கள். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்ற வாய்மொழியில் நின்றுவிடாமல், விலைப்புள்ளியிலும் பின்னர் ஒப்பந்தத்திலும் எழுத்தில் வாங்குங்கள். கூடவே, காப்புறுதி தொடங்கும் நாளில் ஒருவர் மருத்துவ விடுப்பில் இருந்தால், வேலைக்குத் திரும்பும்வரை அவர் சேர்க்கப்பட மாட்டார் என்ற நிபந்தனை பல குழுத் திட்டங்களில் உண்டு. அன்றைய வருகைப் பட்டியலைச் சரிபாருங்கள்.

உடல்நல அறிவிப்புப் படிவத்தை ஊழியர்களே நிரப்பி, உறையில் இட்டு, தரகரிடம் கொடுக்கட்டும். முதலாளி படிப்பார் என்று அஞ்சி ஒருவர் சர்க்கரை நோயை மறைத்தால், பின்னாளில் அவருடைய கோரிக்கையே அடிபட்டுப் போகும்.

நான்காம் படி: கையொப்பமிடும் முன் ஒரு நோயாளியைக் கற்பனை செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதத்தை யார் கொடுப்பார்கள், எந்த எண்ணை அழைப்பது, முன்பணத்தை யார் கட்டுவது என்று தரகரிடம் கேளுங்கள். வெளிநோயாளர் திட்டமும் எடுப்பதானால், பட்டியலில் உள்ள மருந்தகங்கள் கடைக்கு அருகில் இருக்கின்றனவா என்பதைவிட ஊழியர்களின் வீட்டுக்கு அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காய்ச்சலோடு ஈசூனில் படுத்திருப்பவர் சிராங்கூன் சாலைவரை வரமாட்டார்.

பின்சேர்க்கை: ஜோகூரில் குடியிருக்கும் ஊழியர் அங்கேயே மருத்துவமனையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இருவர் கேட்டிருந்தார்கள். என் ஒப்பந்தத்தில் சிங்கப்பூருக்கு வெளியே அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே இடமுண்டு. தினமும் பாலத்தைக் கடந்து வரும் ஊழியர்கள் இருந்தால், எக்செல் தாளில் இதற்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல் வேலை அனுமதிச் சீட்டுக்கான கட்டாயக் காப்புறுதியில் விலக்குகள் ஒரே சீராக்கப்பட்டுள்ளன, சந்தாவும் 50 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்று, அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டுள்ளது. எங்கள் மூத்த சமையல்காரருக்கு 51 வயது என்பதை மறந்துவிட்டு விலைப்புள்ளி கேட்டதால், அதைத் திருத்தி வாங்குவதற்குள் எனக்கு ஒரு வாரம் போய்விட்டது. பெயர்ப் பட்டியலை அனுப்பும்போதே பிறந்த தேதியையும் எழுதி அனுப்புங்கள்.