குடும்பத்தோடு வீட்டுத் தோட்டம்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தோட்டம் போடும் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் நாளிலேயே. இருக்கிற ஆர்வத்தில் பத்துப் பதினைந்து வகை விதைகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊன்றிவிடுகிறார்கள். ஒரு மாதம் போனதும் நாற்றைப் பிரித்து நடுவது, களை எடுப்பது, கொம்பு ஊன்றிக் கட்டுவது என்று வேலை மொத்தமாக வந்து நிற்கும், ஆளாளுக்கு ஒதுங்கிவிடுவார்கள். முதல் பருவத்துக்கு நான்கைந்து வகை போதும். அதுவும் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுவதாக இருக்கட்டும்.

அடுத்தது இடம். குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் வெயிலைப் பார்ப்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெள்ளரிக்கெல்லாம் தினமும் 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலில் செடி ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. 3, 4 மணி நேர வெயில்தான் கிடைக்குமென்றால் கீரை போடுங்கள். ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு தடவை வெயில் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளைக் குறித்து வைக்கச் சொன்னால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

குடும்பத் தோட்டத்துக்கே உரிய ஆபத்து தண்ணீர்தான். காலையில் அப்பா ஊற்றியது தெரியாமல் பாட்டி ஊற்றுவார், பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளையும் ஊற்றும். மண்ணில் காற்று புக இடமில்லாமல் வேர் அழுகும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும் என்பதால், தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றிவிடுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் பலனில்லை.

இதனால்தான் வேலையைப் பிரிக்காமல் செடியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். ‘நீ தண்ணீர், நீ களை’ என்றால் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. ‘இந்தத் தொட்டி உன்னுடையது’ என்று சொல்லிப் பாருங்கள், காலையில் எழுந்ததும் அங்கேதான் நிற்பார்கள். சிறுவர்களுக்குக் கேரட் வேண்டாம். முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம், பொறுக்க மாட்டார்கள். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைக்கும், சிறிய ரகங்களை ஒரு மாதத்திலேயே பிடுங்கலாம். பீன்ஸ் விதையும் சின்னக் கைக்கு வசதி. ஆனால் ஆழமாகப் புதைக்க விடாதீர்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.

பூசணியில் பூக்கிறது, காய்க்கவில்லை என்று கொடியைப் பிடுங்கிவிடுவதும் நடக்கிறது. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி போலவே ஒரு பிஞ்சு இருக்கும். தேனீ வராத வீட்டில், காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பிள்ளைகள் இதை அவ்வளவு ஆசையாகச் செய்வார்கள்!

பழமரம் வைக்கிறவர்கள் சாப்பிட்ட மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்துக் காய்த்தாலும் அதே ருசி வருமென்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றுதான் சரி. பப்பாளியில் ஆண் மரமும் உண்டு என்பதால் ஒரே கன்றை நம்பாதீர்கள். இரண்டு மூன்று நட்டு, பூத்த பிறகு கழித்துக்கொள்ளலாம்.

மட்காத சாணத்தை வேரில் கொட்டாதீர்கள், செடி கருகும். அப்புறம், பூச்சி என்று கண்டதை எல்லாம் நசுக்கவும் வேண்டாம். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊருகிற பொறிவண்டுப் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்ப்பது. தெளித்தே ஆக வேண்டுமென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில், பூக்கள் மேல் படாமல், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள்.