பட்ட சுள்ளியில் கரும்புள்ளியா? பெயர் தேடும் முன் இதைச் செய்யுங்கள்

காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) வேலியில் காய்ந்துபோன கிளுவைக் குச்சியை ஒடித்துப் பார்த்தால், பட்டையைக் கிழித்துக்கொண்டு மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகள் தெரியும். அதைப் போட்டோ எடுத்து இது என்ன பூஞ்சை என்று கேட்டுப் பிரயோசனமில்லை. வெளியே பார்த்தால் எத்தனையோ வகைகளுக்கு இதே முகம்தான்.

முதலில் மரத்தை எழுதி வையுங்கள். கிளுவையா, வெள்வேலாவா, வேம்பா, பட்டை மேலா, வெறும் கட்டையிலா? சில பூஞ்சைகள் குறிப்பிட்ட மரத்தை விட்டு வராது. சுள்ளியைக் காகித உறையில் போடுங்கள்; பிளாஸ்டிக் பை வேர்த்து வேறு பூசணம் ஏறிவிடும்.

அப்புறம் புது பிளேடால் ஒரு புள்ளியை மேலிருந்து கீழாகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். உள்ளே குடுவை மாதிரி குழிந்து, வெள்ளையாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று இருந்தால் அதை ஊசி முனையில் எடுத்து கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தண்ணீர்தான் முதலில். லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற சாயம் செல்லைக் கொன்றுவிடும், ஸ்போரை (பூஞ்சை பரவ உதவும் விதை மாதிரியான துகள்) சுற்றியுள்ள வழவழப்பான உறையும் அதில் சரியாகத் தெரியாது. போதாக்குறைக்கு பீனால் கையில் பட்டால் புண்ணாக்கும்.

இப்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஸ்போர்கள் நீளப் பைக்குள், பெரும்பாலும் எட்டெட்டாக இருக்கின்றனவா, இல்லை காம்பு நுனியில் தனித்தனியாக முளைக்கின்றனவா? ஒரே பூஞ்சை இரண்டு வடிவத்திலும் வரும், பழைய நூல்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். 2013 ஜனவரி 1 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்பது விதி, அதனால் பழைய பெயர் கிடைத்தால் பூஞ்சைப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் இன்டெக்ஸ் ஃபங்கோரம் இணையதளத்தில் போட்டு இப்போதைய பெயரைப் பாருங்கள்.

பிஞ்சு ஸ்போரை நம்பாதீர்கள். மாங்குச்சியில் சாதாரணமாக வரும் லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்போர் பிஞ்சில் நிறமில்லாமல் ஒற்றை அறையாக இருக்கும், முற்றினால் பழுப்பாகி நடுவே ஒரு தடுப்பும் நீளவாக்கில் கோடுகளும் வரும். நீளம் சுமாராக 20 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பிஞ்சை மட்டும் பார்த்தவர் வேறு பேரினத்துக்கு (ஜீனஸ்) போய்விடுவார்.

அளக்கும்போது மைக்ரோஸ்கோப்பின் கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோலை, கீழுள்ள ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு (அளவு குறித்த கண்ணாடிச் சில்லு) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முற்றியதாக இருபது முப்பது ஸ்போர் அளந்தால் போதும். ஸ்போர்ப் பைகள் இருந்தால் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். பை நுனி நீலமானால் சைலேரியா என்ற பூஞ்சைக் குடும்பமா என்று அங்கிருந்து தேடலாம்.

பேரினம் வரை வந்துவிட்டாலே நல்ல வேலைதான். சிற்றினம் (ஸ்பீஷீஸ்) வேண்டுமென்றால் பல சமயம் வளர்த்து டிஎன்ஏ பார்க்காமல் முடியாது. அதற்காக மிச்சச் சுள்ளியை உலர்த்தி, தேதி, ஊர், மரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.